ஒரே பந்து, ஒரே வாய்ப்பு: கோல்ஃப் பயிற்சியை ஆட்டத்துக்குக் கொண்டுபோவது எப்படி

டிரைவிங் ரேஞ்ச் என்ற பயிற்சித் திடலில் நூறு பந்து வாங்கி, அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரை எடுத்து முக்கால் மணி நேரத்தில் அடித்து முடிப்பதைத்தான் பலர் பயிற்சி என்கிறார்கள். கடைசி இருபது பந்து நேராகப் பறக்கும். மறுநாள் முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) நின்றால் அதே பழைய ஸ்லைஸ், பந்து வலமாக வளைந்து வலப்பக்க மரங்களுக்குள். ஸ்விங் ஓர் இரவில் மறந்துபோய்விடவில்லை. ரேஞ்சில் அந்த இருபது பந்தும் அதற்கு முன் அடித்த எண்பது பந்தின் துணையோடு அடிக்கப்பட்டவை. மைதானத்தில் அந்தத் துணை இல்லை. ஒரு டிரைவ் அடித்துவிட்டு ஐந்து நிமிடம் நடக்கிறோம். அடுத்தது 7 அயர்ன் என்ற நடுத்தூரக் கிளப், கால் சற்று மேட்டில். அதற்கடுத்தது 20 யார்டு (சுமார் 18 மீட்டர்) சிப், அதாவது குழிக்கு அருகிலிருந்து தட்டும் சிறு ஷாட். எதற்கும் இரண்டாவது பந்து கிடையாது.

இதை விளக்கும் ஆய்வு ஒன்று 1979-இல் வெளிவந்தது. ஷே, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கையால் சிறு மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டும் வேலையைச் சிலருக்குப் பழக்கினார்கள். ஒரு குழு ஒரு வரிசையையே திரும்பத் திரும்பச் செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்று வரிசைகளையும் கலைத்துப்போட்டுப் பழகியது. பயிற்சி நேரத்தில் முதல் குழுவே வேகமாக இருந்தது. சில நாள் கழித்துச் சோதித்தபோது கலைத்துப் பழகியவர்கள் முந்தினார்கள். கோல்ஃபுக்கு இதன் பொருள் தெளிவானது: ரேஞ்சில் சுகமாகத் தோன்றும் பயிற்சி ஸ்கோர் கார்டில் தங்குவதில்லை. ஒவ்வொரு பந்துக்கும் புதிதாக யோசிக்க வைக்கும் பயிற்சியே தங்கும். மன ஒருமைப்பாடும் அந்த யோசனையோடு சேர்ந்தே வளரும். தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பாடமாக அதைப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் கணக்கு

எதைப் பழகுவது என்று தெரியாமல் பழகினால் பிடித்ததையே பழகுவோம். நான்கு ரவுண்டுக்கு (பதினெட்டுக் குழி ஆட்டத்துக்கு) ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழிக்கும் நான்கு விஷயம் போதும்: டீ ஷாட் ஆடக்கூடிய இடத்தில் விழுந்ததா, பெனால்டி (தண்டனை ஷாட்) உண்டா, கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரைக்கு, 100 யார்டுக்குள் வந்தபின் குழிக்குள் போட எத்தனை ஷாட் ஆயிற்று, முதல் புட் (கிரீனில் பந்தை உருட்டும் ஷாட்) எத்தனை அடி தூரத்தில் இருந்தது. மொத்தப் புட் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் ஏமாந்துவிடுவீர்கள். கிரீனைத் தவறவிட்டு அருகே சிப் செய்கிறவருக்குப் புட் குறைவாகவே ஆகும். அதனால் அவர் புட்டிங்கில் தேர்ந்தவர் ஆகிவிட மாட்டார்.

"டிரைவ் எல்லாம் காட்சிக்கு, காசு புட்டில்தான்" என்ற பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011-இல், ஒரு ஷாட் சராசரியைவிட எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று பார்க்கும் 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' என்ற கணக்கை முதலில் புட்டிங்குக்குக் கொண்டுவந்தது. அதே கணக்கை எல்லா ஷாட்டுக்கும் விரித்துப் பார்த்தபோது, நல்ல ஆட்டக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்டுகளில் இருப்பது தெரிந்தது. ஆனாலும் புட்டிங்குக்கு ஒரு தனி நியாயம் உண்டு. அதற்குப் பெரிய இடம் வேண்டாம், செலவில்லை, வீட்டிலேயே தினம் பத்து நிமிடம் பழகலாம். ஆகவே ரேஞ்சுக்குப் போகும் நாளை நீண்ட ஷாட்டுக்கும், மற்ற நாட்களை புட்டருக்கும் (புட் அடிக்கும் கிளப்) ஒதுக்குவது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி.

அறுபது பந்து போதும்

ரேஞ்சில் அறுபது பந்துக்கு ஒரு மணி நேரம் ஆக வேண்டும். அதற்குக் குறைவாக முடிந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

முதல் பத்து பந்து வெட்ஜில் (குறுந்தூரத்துக்கு உயரமாகத் தூக்கி அடிக்கும் கிளப்), பாதி ஸ்விங். உடம்பு சூடாகவும், கிளப் தரையை எங்கே தொடுகிறது என்று பார்க்கவும் மட்டுமே இவை. தூரத்தைப் பார்க்க வேண்டாம்.

அடுத்த பதினைந்து பந்து ஒரே ஒரு குறையைத் திருத்துவதற்கு. இங்கே மட்டும் ஒரே கிளப்பைத் திரும்ப அடிக்கலாம். புதிய அசைவு ஒன்றை உடம்புக்கு அறிமுகப்படுத்த அந்தத் தொடர்ச்சி உதவும். எந்தக் குறை என்பதைப் பந்தே சொல்லும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் (பந்தைத் தொடும் பரப்பு) தீர்மானிக்கிறது. பந்து வளைவது, ஸ்விங்கின் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள கோண வித்தியாசத்தால். வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், பாதை இடப்பக்கம் வெட்டுகிறது, முகம் அந்தப் பாதைக்குத் திறந்திருக்கிறது, அதாவது அதற்கு வலமாகப் பார்க்கிறது. நேராகக் கிளம்பி வளைந்தால் முகம் இலக்கைப் பார்க்கிறது, பாதைதான் பிசகு. வலப்பக்கமே கிளம்பி மேலும் வலமாகப் போனால் கிரிப்பைத்தான் (கிளப்பைப் பிடிக்கும் விதத்தை) முதலில் பார்க்க வேண்டும். இடக்கைக்காரர்கள் இதையெல்லாம் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.

ஸ்விங்கைத் திருத்துவதற்கு முன் நிற்கும் திசையைச் சரிபாருங்கள். இரண்டு அலைன்மென்ட் ஸ்டிக்கை, இல்லாவிட்டால் இரண்டு கிளப்பை, ரயில் தண்டவாளம் மாதிரி இணையாகத் தரையில் வையுங்கள். வெளித் தண்டவாளம் பந்திலிருந்து இலக்கு நோக்கிப் போகும். உள் தண்டவாளத்தில் கால்விரல்கள். வலக்கை ஆட்டக்காரரின் பாதம் இலக்குக்கு இடப்பக்கமாக, இணையாகத்தான் பார்க்கும். பாதத்தையே இலக்கை நோக்கி வைத்தால் கிளப் வலப்பக்கம் பார்க்கும். உடம்பு அதை உணர்ந்து இறங்கும்போது இடப்பக்கம் இழுக்கும். ஸ்விங் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் போராடுகிற பலருடைய சிக்கல் இந்த நிற்கும் கோணத்தோடு தீர்ந்துவிடுகிறது.

புல்லில் பழகினால் டீயால் (பந்தை ஏற்றிவைக்கும் சிறு குச்சியால்) ஒரு கோடு கீறி, அதன் மேல் பந்து வைத்து அடியுங்கள். அயர்னில் புல் பெயர்வது கோட்டிலோ அதைத் தாண்டியோ தொடங்க வேண்டும். கோட்டுக்கு முன்பே பெயர்ந்தால் பந்துக்குப் பின்னால் தரையை அடிக்கிறீர்கள். செயற்கைப் பாயில் இந்தக் குறை தெரியவே தெரியாது. கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும், சத்தமும் நன்றாகவே கேட்கும். மைதானத்தில் அதே அடி பாதித் தூரம் கூடப் போகாது. பாயில் அடிக்க வேண்டியிருந்தால் பந்துக்கு 10 செ.மீ. பின்னால் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். துண்டு தட்டுப்பட்டால் அந்த அடி தோல்வி, பந்து எவ்வளவு அழகாகப் போயிருந்தாலும்.

மீதி முப்பத்தைந்து பந்தும் ஆட்டம். உங்கள் மைதானத்தின் முதல் குழியை மனத்தில் கொண்டுவாருங்கள். ரேஞ்சில் இரண்டு கொடிக்கு இடையே 30 யார்டு அகலத்தை ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையிலான சீரான புல்பாதை) என்று வைத்து டிரைவரை அடியுங்கள். உள்ளே விழுந்தால் அடுத்தது அந்தக் குழிக்கு வழக்கமாக எடுக்கும் அயர்ன். வெளியே போனால் மரத்துக்கு அடியிலிருந்து வெளியே தள்ளும் தாழ்வான ஷாட். பிறகு வெட்ஜ், அடுத்த குழி, வேறு கிளப். ஒரே கிளப்பை அடுத்தடுத்து எடுக்கக் கூடாது, ஒரே இலக்கைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று, கீழே சொல்லப்போகும் முழு வழக்கத்தோடு வர வேண்டும். ஒரு பந்து கெட்டால் "இன்னொரு தடவை" என்று கை தானாகப் பந்தை இழுக்கும். அந்தக் கையை நிறுத்துவதுதான் பயிற்சியின் நடுப்பகுதி.

ரேஞ்ச் பந்துகள் பெரும்பாலும் தேய்ந்தவை, சில குறைந்த தூரத்துக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை வைத்து உங்கள் கிளப் தூரத்தை முடிவுசெய்யாதீர்கள். வெட்ஜ் தூரத்தை, ஆடும் அதே பந்தில், காற்றில்லாத காலையில் ஒரு முறை அளந்துவிடுங்கள். இடுப்புயரம், மார்புயரம், முக்கால் என்று மூன்று ஸ்விங், மூன்று வெட்ஜ். ஒவ்வொன்றிலும் பத்து பந்து அடித்து, அதிக தூரம் போன இரண்டையும் குறைந்த தூரம் போன இரண்டையும் விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். ஒன்பது எண் கிடைக்கும். சிறு டேப்பில் எழுதி ஷாஃப்டில் (கிளப்பின் தண்டில்) ஒட்டிக்கொள்ளுங்கள். 60 யார்டில் நின்று "கொஞ்சம் மெதுவாக அடிப்போம்" என்று தயங்கி, இறங்கும்போது வேகத்தைக் குறைத்துப் பந்தைக் கெடுக்கும் பழக்கம் இதனால் போகும். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து கூடுதலாகப் போகும். குளிர் அதில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். அங்கே ஆடும் முதல் மூன்று குழியில் எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

புட்டர்: ஒரு டிகிரியின் கணக்கு

குழியின் விட்டம் 108 மி.மீ. பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மி.மீ. பத்தடி தூரத்திலிருந்து பந்து ஒரு டிகிரி விலகிக் கிளம்பினால் குழிக்கு வரும்போது 5.3 செ.மீ. தள்ளியிருக்கும், அதாவது பந்தின் நடுப்புள்ளி குழியின் விளிம்பில். அதற்கு மேல் பிழைக்கு இடமில்லை. மூன்றடியிலோ மூன்று டிகிரிக்கு மேல் பிசகினாலும் பந்து விழும். பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே மூன்றடியில் நூற்றுக்கு 96, எட்டடியில் 50, பத்தடியில் 40, இருபதடியில் 15 என்ற அளவில்தான் போடுகிறார்கள். எட்டடி புட் போகவில்லை என்று தலையில் அடித்துக்கொள்பவர், உலகின் மிகச் சிறந்தவர்களும் அதில் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனம் அமைதியடைய இந்த எண்கள் எந்த மூச்சுப் பயிற்சியையும்விட உதவும்.

திசைக்கு ஒரு வாசல் போதும். பந்துக்கு 50 செ.மீ. முன்னால் இரண்டு டீயை 6 செ.மீ. இடைவெளியில் குத்துங்கள். பந்து தொடாமல் அதில் நுழைந்தால் உங்கள் பிழை ஒரு டிகிரிக்குள். வீட்டுக் கம்பளத்தில் டீக்குப் பதில் இரண்டு நாணய அடுக்கு. புட்டர் தலைக்கு இருபுறமும் ஒரு விரல் இடம் விட்டு இரண்டு டீ குத்திப் பழகுவது டைகர் வுட்ஸின் வழக்கமாகப் பலருக்கும் தெரிந்தது. பந்து புட்டரின் நடுவில் படுகிறதா என்பதை அது காட்டும். தினம் இருபது பந்து. தொடர்ந்து பத்து நுழைந்தால் அன்றைய வேலை முடிந்தது.

தூரம் திசையைவிடக் கடினம், மூன்று புட் ஆவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். மைதானத்தின் பயிற்சி கிரீனில் 30, 40, 50 அடியில் மூன்று பந்து வீதம் அடியுங்கள். குழியைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குள் நின்றால் வெற்றி. ஒன்பதில் ஆறு நின்றால் நல்லது. ஒத்திகை வீச்சைப் பந்தைப் பார்த்துச் செய்யாமல் குழியைப் பார்த்தபடி செய்யுங்கள். கண் அளந்த தூரத்தைக் கை எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்திலிருந்து மூன்று பந்தைத் தொடர்ந்து அடிக்காமல், தூரத்தை மாற்றி மாற்றி அடியுங்கள். இரண்டாம் பந்து எப்போதும் முதல் பந்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். மைதானத்தில் உங்களுக்குக் கிடைப்பது முதல் பந்து மட்டுமே.

வெப்பப் பகுதிக் கிரீன்களில் பெர்முடா புல் பரவலாக உண்டு. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். குழியை நோக்கிப் பார்க்கும்போது புல் பளபளத்தால் பந்து அதன் போக்கில் ஓடுகிறது, வேகம் கூடும். மங்கலாக, அடர்பச்சையாகத் தெரிந்தால் எதிர்ப்போக்கு, அழுத்தி அடிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் குழியின் விளிம்பைப் பாருங்கள். தேய்ந்து பிய்ந்திருக்கும் பக்கத்தை நோக்கித்தான் புல் சாய்கிறது.

சிப்பிங்குக்கு ஒரு விளையாட்டே போதுமானது. கிரீனைச் சுற்றி ஒன்பது இடம், ஒரே பந்து. ஒரு இடம் சுலபமாக, ஒன்று பள்ளத்தில், ஒன்று பங்கரில் (மணல் குழியில்) இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் சிப் செய்து புட்டையும் போட்டு முடிக்க வேண்டும். இரண்டு ஷாட்டில் முடிந்தால் 'பார்' (எதிர்பார்க்கும் எண்ணிக்கை), மொத்தம் 18. ஒரு ரவுண்டுக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் ஷாட் எடுப்பவர் 22-க்குள் முடித்தால் சிறப்பு. தேதியோடு எழுதிவையுங்கள்.

ஷாட்டுக்கு முந்தைய வழக்கம்

பந்துக்குப் பின்னால் நிற்கும் இடம் யோசிக்க, பந்தருகே நிற்கும் இடம் அடிக்க. இரண்டையும் பிரித்துவைப்பதுதான் வழக்கத்தின் முழு வேலையும்.

பின்னால் நின்று தூரம், காற்று, பந்து கிடக்கும் நிலை, எங்கே தவறினால் ஆபத்தில்லை என்பதைப் பாருங்கள். கிளப்பைத் தேர்ந்து, பந்து எப்படிப் பறந்து எங்கே விழும் என்பதை ஒரு முறை கண்முன் ஓடவிடுங்கள். பிறகு பந்துக்கு இரண்டு மூன்று அடி முன்னால் இலக்குக் கோட்டில் ஒரு காய்ந்த இலையோ பழைய புல் பெயர்ச்சியோ தேடுங்கள். கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் தன் ஆட்டக்காலம் முழுக்கச் செய்தது இது. 200 யார்டுக்கு அப்பாலுள்ள கொடிக்குக் கிளப்பைக் குறிவைப்பது கடினம். மூன்றடியில் இருக்கும் இலைக்கு யாராலும் முடியும். ஒரு மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே நான்கு எண்ணிக்கை, வெளியே ஆறு. கிரிப் இறுக்கத்தைப் பத்துக்கு நான்கில் வையுங்கள். பதற்றத்தில் கை தானாக இறுகும், மணிக்கட்டு சுழலாது, முகம் திறந்தே வரும்.

பந்தருகே வந்தபின் முகத்தை இலைக்கு வைத்து, பிறகு பாதம், ஒரு முறை இலக்கைப் பார்த்து, அடி. நின்றபின் எட்டு நொடிக்கு மேல் ஆகக் கூடாது. நீடித்தால் சந்தேகம் உள்ளே நுழையும். அப்படி நுழைந்தால் வெட்கப்படாமல் விலகிப் பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள். உங்கள் முறை வந்ததிலிருந்து 40 நொடிக்குள் அடித்துவிடும்படி விதிகள் பரிந்துரைக்கின்றன. வழக்கம் பழகிவிட்டால் 25 நொடியில் முடியும். ஒரு நாள் ரேஞ்சில் போனில் நேரம் வைத்துப் பாருங்கள். ஷாட்டுக்கு ஷாட் மூன்று நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் வழக்கம் இன்னும் படியவில்லை.

அடிக்கும்போது என்ன நினைப்பது? உடம்பைப் பற்றி நினைக்காதீர்கள். 1999-இல் ஆய்வாளர் வுல்ஃபும் அவருடைய சகாக்களும் புதியவர்களுக்குப் பிட்ச் ஷாட் (சிறு தூரத்துக்கு உயரமாகத் தூக்கி அடிப்பது) கற்றுக்கொடுத்தார்கள். கையசைவைக் கவனிக்கச் சொன்னவர்களைவிட, கிளப் ஆடுவதைக் கவனிக்கச் சொன்னவர்களின் பந்துகளே இலக்குக்கு நெருக்கமாக விழுந்தன. "முழங்கையை ஒட்டி வை" என்பதை ரேஞ்சின் அந்தப் பதினைந்து பந்தோடு விட்டுவிடுங்கள். மைதானத்தில் நினைப்பது ஒன்றே ஒன்றாக, உடம்புக்கு வெளியே இருக்கட்டும்: அந்த இலைக்கு மேல் பந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

புட்டில் கண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் 1992-இல் புட் செய்பவர்களின் கண்ணசைவை அளந்தார். தேர்ந்தவர்களின் பார்வை குறைவாக அலைந்தது. அடிக்கும் முன் பந்தின் மேல் நிலைத்து, அடித்த பின்னும் ஒரு கணம் அங்கேயே தங்கியது. குழியைப் பார்த்துவிட்டு, பந்தின் பின்பக்கத்தில் ஒரு எழுத்தையோ புள்ளியையோ இரண்டு நொடி பார்த்து அடியுங்கள். பந்து போனபின் அது இருந்த புல்லைப் பாருங்கள். பந்து விழுந்ததா என்பதைக் காது சொல்லட்டும்.

ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே

தொண்ணூறு ஷாட், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்றாலும் முக்கால் மணி நேரம்தான். ஆட்டமோ நான்கு மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரமும் உன்னிப்பாக இருக்க முயல்பவர் பதிமூன்றாம் குழிக்குள் களைத்துப்போவார். நடக்கும்போது, உடன் ஆடுபவரோடு, கேடியோடு (கிளப் பையைத் தூக்கிவரும் உதவியாளரோடு) பேசுங்கள், மரத்தைப் பாருங்கள். கையுறையை மாட்டும்போது கவனம் தொடங்கட்டும், கிளப்பைப் பையில் வைக்கும்போது முடியட்டும். கெட்ட ஷாட்டுக்குக் கோபப்படலாம், ஆனால் கிளப் பைக்குள் போகும்வரைதான் அதற்கு அனுமதி.

பெரிய எண்கள் முதல் தவறால் வருவதில்லை. அதைச் சரிகட்ட எடுக்கும் வீரச் செயலால் வருகின்றன. மரங்களுக்குள் பந்து போய்விட்டால் கிளைகளுக்கிடையே தெரியும் சிறு இடைவெளியைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தள்ளிவிட்டால் 'போகி'யோடு (பாரைவிட ஒரு ஷாட் கூடுதல்) தப்பலாம். அந்த இடைவெளியில் பத்தில் எட்டு முறை போகும் என்று ரேஞ்சில் நிரூபித்திருந்தால் மட்டும் முயலுங்கள்.

கவனம் சிதறுவதற்கு மனத்தைக் குறைசொல்லும் முன் உடம்பைப் பாருங்கள். சென்னை வெயிலில் நடந்து ஆடும்போது பின் ஒன்பது குழிகளில் வரும் தளர்ச்சிக்குப் பெரும்பாலும் தண்ணீர்க் குறையே காரணம். தாகம் எடுக்கக் காத்திராமல் இரண்டு குழிக்கு ஒரு முறை நாலைந்து வாய் குடியுங்கள், அதில் ஒரு பாட்டில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறாக இருக்கட்டும். ஆறாவது, பன்னிரண்டாவது குழிகளில் ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. கையுறை இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வியர்வையில் நனைந்த கையுறை கையை இறுக்கச் சொல்லும்.

வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் ஒரு ரேஞ்ச் நாள், ஒரு சிப்பிங் மணி, நான்கு இரவு பத்து நிமிடக் கம்பளப் புட்டிங், ஒரு ரவுண்டு, இவ்வளவே நிறைவு. போட்டிக்கு முந்தைய இரண்டு நாளில் எந்தத் திருத்தமும் வேண்டாம். அன்று காலை இருபது பந்து அடித்து, அதில் பந்து எந்தப் பக்கம் வளைகிறதோ அந்த வளைவை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் டீக்குப் போங்கள். வலப்பக்கம் வளைந்தால் இடப்பக்க ஓரத்தைக் குறிவையுங்கள், கோணத்தைத் திருத்தும் வேலை அடுத்த வாரத்துத் திருத்தத்துக்கான பதினைந்து பந்துக்கு.